பதக்கத்தோடு பட்டமும் கேட்ட பயிற்சியாளர்

1960 செப்டம்பர். ரோம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. அமெரிக்காவுக்காக ஓடியவர்கள் மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ருடால்ஃப். மூன்றாவதாக ஓடிய பார்பராவிடமிருந்து பேட்டனை வாங்கும்போது வில்மாவின் கை தடுமாறியது. அந்த நொடியில் ஜெர்மனி முன்னால் போய்விட்டது. வில்மா விடவில்லை. துரத்திப் பிடித்து, தாண்டி, முதலில் எல்லையைத் தொட்டார். 44.5 விநாடி. தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

அந்த நால்வரும் கறுப்பினப் பெண்கள். நால்வருமே ஒரே கல்லூரியில் பயின்றவர்கள். நால்வருக்கும் ஒரே பயிற்சியாளர். அவர் பெயர் எட் டெம்பிள்.

அந்தக் கல்லூரி இருந்த நாஷ்வில் நகரத்தின் கடைவீதிக் கடைகளில், கறுப்பின மக்கள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி கிடைத்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவும் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் கறுப்பினக் கல்லூரிகளின் மாணவர்கள் கடைகளில் அமர்ந்து, அடிபட்டு, சிறைக்குப் போய்ப் பெற்ற உரிமை. போராடியவர்களில் டெம்பிளின் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள்.

உலகத்திலேயே வேகமாக ஓடும் பெண்கள். ஆனால், சொந்த ஊரில் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடப் போராட வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, 44 ஆண்டுகள் ஒரே கல்லூரியில், ஒரே வேலையைச் செய்தார் டெம்பிள். அவரது கதை நம் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பயிற்சி தருபவர்களுக்கும், பெற்றவர்களுக்கும் தெரிய வேண்டிய கதை.

மாதம் 150 டாலர்

எட்வர்ட் டெம்பிள் 1927 செப்டம்பர் 20 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் நகரில் பிறந்தார். அவரும் ஓட்டக்காரர்தான். 1946இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குப் படிக்க வந்தார். அவர் சேர்ந்தது டென்னசி வேளாண், தொழிற்கல்வி அரசுக் கல்லூரி. கறுப்பின மாணவர்களுக்கென்று 1912இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. வெள்ளையரின் பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், தென் மாநிலங்களின் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கல்லூரிகள்தான் கதி. பிற்காலத்தில் இதுவே டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆனது.

அதே 1946ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெரும் அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இங்கே தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் நிலையும், அங்கே கறுப்பினத்தவரின் நிலையும் ஒன்றுபோல இருப்பதைச் சொல்லி, ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார். டுபாய்ஸும் பதில் எழுதினார். அந்த டுபாய்ஸ் பட்டம் பெற்றது இதே நாஷ்வில் நகரில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில். ஆகவே நாஷ்வில் நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் அல்ல.

1950இல் டெம்பிள் பட்டம் பெற்றார். மேற்படிப்பைத் தொடரும்போதே பெண்கள் தடகள அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் வந்தது. சம்பளம் மாதம் 150 டாலர். அதற்குக் கல்லூரி அஞ்சலகத்தையும் அவரே கவனிக்க வேண்டும். பிறகு சமூகவியல் ஆசிரியராகவும் ஆனார். வகுப்பு, அஞ்சலகம், மைதானம் என்று மூன்றுக்கும் ஓடினார். அவர் மனைவி சார்லி பி. டெம்பிளும் கூடவே நின்றார். வீட்டை விட்டு முதல் முறையாக வெளியே வந்த பெண் பிள்ளைகளுக்கு அவர்தான் அங்கே அம்மா.

மைதானம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடுபாதை முழுமையடையாத மண் பாதை. அணிக்கென்று ஒதுக்கப்பட்ட பணமும் சொற்பம். விளையாட்டுக்கான உதவித்தொகை அணியில் யாருக்கும் கிடையாது. அதற்குப் பதிலாகக் கல்லூரி வளாகத்தில் நாள்தோறும் சில மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அந்தக் கூலியில்தான் படிப்பு நடந்தது. பின்னாளில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண்களும் அப்படிப் படித்தவர்கள்தான். கல்லூரித் தலைவராக இருந்த வால்டர் டேவிஸ் விளையாட்டில் நம்பிக்கை உள்ளவராக இருந்தது டெம்பிளுக்கு ஒரு பலம்.

காரில் ஒரு அணி

அணிக்குப் பெயர் டைகர்பெல்ஸ். போட்டிகளுக்குப் போகப் பேருந்து கிடையாது. டெம்பிளே கார் ஓட்டிக்கொண்டு போவார். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பினக் கல்லூரிகளுக்கான பெரிய தடகளப் போட்டி நடக்கும். டெம்பிளுக்கு முன்பு பெண்கள் தடகளத்தில் கொடிகட்டிப் பறந்தது டஸ்கீகி கல்லூரிதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆலிஸ் கோச்மன் அங்கே பயின்றவர்.

நாஷ்விலிலிருந்து அங்கே போகும் வழியில் எந்த உணவகத்திலும் இவர்கள் நுழைய முடியாது. பெட்ரோல் பங்கில் பணம் கொடுத்து எரிபொருள் போட்டுக்கொள்ளலாம். ஆனால், அங்கிருக்கும் கழிப்பறைக்குள் போக முடியாது. அதனால் கிளம்பும்போதே சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்வார்கள். ஒதுங்க வேண்டும் என்றால் சாலையோர வயல்வெளிதான். பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படிப் பயணம் செய்த ஆசிரியரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் தனிக் குவளைக்குக் காத்திருந்த நினைவு நம் வீட்டுப் பெரியவர்கள் பலரிடம் இருக்கிறது.

கோடை முகாம்

டெம்பிள் செய்த முக்கியமான காரியம் கோடை முகாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, விடுமுறையில் கல்லூரிக்கு அழைத்து வந்து பயிற்சி கொடுப்பார். கூடைப்பந்துப் போட்டிக்கு நடுவராகப் போன இடத்தில்தான் வில்மா ருடால்ஃபைப் பார்த்தார். ஒல்லியான, நெடுநெடு என்று வளர்ந்த பெண்.

வில்மா டென்னசியின் கிளார்க்ஸ்வில் ஊரில் 1940இல் பிறந்தவர். அவர் தந்தைக்கு 22 பிள்ளைகள். வில்மா 20ஆவது. சிறு வயதில் போலியோ தாக்கி இடது கால் முடங்கியது. கறுப்பினப் பிள்ளைக்கு உள்ளூரில் முறையான சிகிச்சை கிடைக்கவில்லை. அவர் தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு சுமார் 80 கிலோமீட்டர் தூரம் பேருந்தில் நாஷ்வில் வந்தார். கறுப்பின மருத்துவர்களை உருவாக்கிய மெஹாரி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வாரந்தோறும், இரண்டு ஆண்டுகள் இப்படி வந்து போனார்கள். பேருந்திலும் பின் இருக்கைதான். காலில் இரும்புப் பட்டை கட்டி நடந்த பிள்ளை, பிறகு அதைக் கழற்றிப் போட்டு ஓடத் தொடங்கியது.

பலரும் இந்தக் கதையைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வார்கள். அது மட்டுமல்ல இது. வில்மாவின் காலைக் காப்பாற்றியது ஒரு கறுப்பின மருத்துவக் கல்லூரி. அவரை ஓட வைத்தது ஒரு கறுப்பின அரசுக் கல்லூரி. ஒதுக்கப்பட்ட மக்களுக்கென்று நிறுவனங்கள் இல்லாமல் இருந்திருந்தால், எவ்வளவு தன்னம்பிக்கை இருந்தும் அந்தப் பிள்ளை கிளார்க்ஸ்விலைத் தாண்டியிருக்க முடியாது.

முகாமில் பயிற்சி கடுமையானது. நாஷ்வில் கோடை வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று வேளை ஓட வேண்டும். 100 மீட்டர் ஓடப் போகிறவர்களையும் முதலில் மேடுபள்ளமான வயல்வெளிகளில் நெடுந்தூரம் ஓடவிடுவார் டெம்பிள். முதலில் மூச்சும் தெம்பும் வர வேண்டும், வேகம் அதற்குப் பிறகு வரும் என்பது அவர் கணக்கு. ஒரு முறை வில்மா பயிற்சிக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தார். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் 30 சுற்று ஓட வைத்தார் டெம்பிள். அடுத்த நாள் வில்மா அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்.

1955இல் டைகர்பெல்ஸ் அமெரிக்க தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற அமெரிக்க அணியில் ஆறு பெண்கள் டெம்பிளின் மாணவிகள். அங்கே 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய மே ஃபேக்ஸ், மார்கரெட் மேத்யூஸ், வில்மா ருடால்ஃப், இசபெல் டேனியல்ஸ் நால்வரும் இவரது அணியினரே. வில்மாவுக்கு அப்போது வயது 16.

கண்டிப்பும் கனிவும்

டெம்பிள் கண்டிப்பானவர். இரவு குறித்த நேரத்துக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும். ஆண் நண்பர்களின் காரில் ஏறிச் சுற்றக் கூடாது. ஓடி முடித்ததும் தலைவாரி, உடை திருத்தி, பிறகுதான் பத்திரிகைக்காரர்கள் முன் நிற்க வேண்டும். ஓடும் பெண்களை ஆண்பிள்ளைகள் போல என்று கேலி பேசிய காலம் அது. கறுப்பினப் பெண் என்றால் அந்தக் கேலி இரட்டிப்பு. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அவர் நினைத்தார்.

இன்றைய கண்ணோடு பார்த்தால் இந்த விதிகளில் சில உறுத்தும். கேலி செய்கிறவனைத் திருத்தாமல், கேலிக்கு ஆளாகும் பெண்ணையே மேலும் மேலும் ஒழுங்காக இருக்கச் சொல்வது நமக்கும் பழகிய பாடம்தான். ஆனால், அதே டெம்பிள் தன் விதியைத் தானே தளர்த்திய சந்தர்ப்பமும் உண்டு. 1958இல் வில்மாவுக்குக் குழந்தை பிறந்தது. தாயான பெண்ணை அணியில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிளின் வழக்கம். வில்மாவுக்காக அதை விட்டுக்கொடுத்தார். அவரைக் கல்லூரியில் சேர்த்து ஓட வைத்தார். அன்று அவர் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் ரோமின் மூன்று தங்கமும் இல்லை.

பதக்கம் வந்த பிறகு

ரோமிலிருந்து வில்மா திரும்பியபோது, கிளார்க்ஸ்வில் ஊரில் பாராட்டு ஊர்வலம் ஏற்பாடானது. வெள்ளையர் தனி, கறுப்பினத்தவர் தனி என்றால் வரமாட்டேன் என்று 20 வயது வில்மா சொல்லிவிட்டார். 1960 அக்டோபர் 4 அன்று நடந்த அந்த ஊர்வலமும் விருந்தும்தான், அந்த ஊரில் இரு தரப்பினரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் நிகழ்ச்சி.

ஊர்வலத்தோடு எல்லாம் மாறிவிடவில்லை. 1961இல் பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்து விடுதலைப் பயணம் மேற்கொண்டதற்காக, இதே கல்லூரியின் 14 மாணவர்கள் நீக்கப்பட்டார்கள். கறுப்பினத்தவர் கல்லூரி என்றாலும் மாநில அரசின் பிடி அதன் கழுத்தில் இருந்தது. அவர்களுக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்துத் தவறைத் திருத்த 2008 வரை ஆயிற்று. 1963 மே மாதம் கிளார்க்ஸ்விலில் கறுப்பினத்தவரை அனுமதிக்காத உணவகத்தின் முன் போராடியவர்களில் வில்மாவும் ஒருவர். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், சொந்த ஊரில் ஒரு உணவகத்துக்குள் நுழையப் போராடினார். பதக்கம் கழுத்தில் தொங்கினால் சாதி போய்விடும், நிறம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டோக்கியோவும் மெக்சிகோவும்

1960இலும் 1964இலும் அமெரிக்கப் பெண்கள் ஒலிம்பிக் தடகள அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் டெம்பிள்தான். 1964 டோக்கியோவில் 100 மீட்டரில் தங்கம் வயோமியா டயஸுக்கு. வெள்ளி ஈடித் மெக்குவைருக்கு. 200 மீட்டரில் தங்கம் ஈடித்துக்கு. இருவரும் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து டெம்பிளின் கோடை முகாம் வழியாக வந்தவர்கள்.

1968 மெக்சிகோவில் வயோமியா மீண்டும் 100 மீட்டரில் முதலில் வந்தார். நேரம் 11.08 விநாடி. ஆணோ பெண்ணோ, 100 மீட்டர் ஒலிம்பிக் பட்டத்தை அடுத்தடுத்து இரு முறை வென்ற முதல் மனிதர் அவர்தான். அதே ஒலிம்பிக்கில்தான் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். உலகம் அந்தப் படத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் வயோமியா, அணியின் வெள்ளைக் கால்சட்டைக்குப் பதில் கறுத்த நிறக் கால்சட்டை அணிந்து ஓடியதும், தொடர் ஓட்டத்தில் வென்ற தங்கத்தை அந்த இருவருக்கும் காணிக்கையாக்குவதாக அவரது அணி அறிவித்ததும் பலருக்குத் தெரியாது. ஆண்களின் எதிர்ப்பு வரலாறானது. பெண்களின் எதிர்ப்பு அடிக்குறிப்பானது. இதுவும் நமக்குத் தெரிந்த கதைதான்.

அதே மெக்சிகோவில் டெம்பிளின் இன்னொரு மாணவி மேடலின் மேனிங், 800 மீட்டரில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர். கறுப்பினத்தவர் குறுந்தூரத்துக்குத்தான் சரி, நீண்ட ஓட்டத்துக்குப் பொறுமையும் புத்தியும் வேண்டும் என்ற பேச்சுக்கு அவரது கால்கள் பதில் சொல்லின.

கதவு திறந்தபோது

1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்றது அது. பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் விளையாட்டு அணி அமைத்தன. முழு உதவித்தொகை, செயற்கை ஓடுபாதை, விமானப் பயணம் எல்லாம் கிடைத்தன. அதுவரை கறுப்பினப் பெண்களைத் திரும்பிப் பார்க்காத நிறுவனங்கள் இப்போது தேடி வந்து அழைத்தன. இது நல்லதுதான். ஆனால், யாரும் சீண்டாத காலத்தில் மண் பாதையில் அந்தப் பிள்ளைகளை வளர்த்த சிறிய கல்லூரியால், பணத்தில் அவர்களோடு போட்டி போட முடியவில்லை. கதவு திறந்தபோது, அதுவரை அடைக்கலம் கொடுத்த வீடு காலியாகத் தொடங்கியது.

அப்படியும் டெம்பிள் போகவில்லை. அதே கல்லூரியில் இருந்தார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற சாண்ட்ரா சீஸ்பரோ அவரது மாணவி. 1994இல் டெம்பிள் ஓய்வு பெற்றபோது, அணியின் பொறுப்பு அதே சாண்ட்ராவிடம் வந்தது. தன் இடத்தில் தன் மாணவியை உட்கார வைத்துவிட்டுப் போவதைவிட ஒரு பயிற்சியாளருக்கு என்ன வேண்டும்?

40இல் 39

44 ஆண்டுகளின் கணக்கு இது. 40 ஒலிம்பிக் வீராங்கனைகள். 13 தங்கம், 6 வெள்ளி, 4 வெண்கலம் என 23 ஒலிம்பிக் பதக்கங்கள். 34 தேசியப் பட்டங்கள். பல நாடுகள் மொத்தமாக வாங்காத எண்ணிக்கை.

ஆனால், டெம்பிள் பெருமையோடு சொல்லிக்கொண்டது வேறொரு எண். அந்த 40 பேரில் 39 பேர் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். வில்மா ருடால்ஃப் 1963இல் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியையாக வேலை செய்தார். அன்று தடகளத்தில் பணம் கிடையாது. பதக்கம் சோறு போடாது. கால் ஒரு நாள் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு இருக்கும் 40, 50 ஆண்டுகளை அந்தப் பெண் எப்படி வாழ்வாள் என்று யோசித்த பயிற்சியாளர் அவர். சமூகவியல் ஆசிரியர் அல்லவா?

டெம்பிளின் பெயரில் நாஷ்விலில் சாலை இருக்கிறது. கல்லூரியின் ஓடுபாதைக்கும் அவர் பெயர்தான். 2012இல் அமெரிக்க ஒலிம்பிக் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2015இல் நகரத்தின் விளையாட்டரங்கம் அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள். அதை அவர் தம் கண்ணால் பார்த்தார். 2016 செப்டம்பர் 22 அன்று, 89ஆவது பிறந்தநாள் முடிந்து இரண்டு நாளில் காலமானார்.

நம் தெருக்களிலும் ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு ஓடி, முதலில் வந்து, சான்றிதழோடு வீட்டுக்கு வருகிறார்கள். நலப்பள்ளியிலோ விடுதியிலோ அவர்களை விடியற்காலையில் எழுப்பி ஓட வைக்கும் ஆசிரியர்களும் உண்டு. சொந்தக் காசில் காலணி வாங்கிக் கொடுத்து, போட்டிக்குப் பேருந்துக் கட்டணமும் கட்டி அழைத்துப் போகிற அவர்களுக்குச் சிலை வேண்டாம். அவர்கள் கேட்கும் மைதானமும், பிள்ளைகளுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடும் கிடைத்தால் போதும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு பெண் பிள்ளை மாவட்ட அளவில் பதக்கம் வாங்கி வந்தால் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அத்தோடு விட்டுவிடாமல், "அடுத்து என்னம்மா படிக்கப் போறே? யார் சேர்த்துவிடுவாங்க? பணத்துக்கு என்ன வழி?" என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். பதில் இல்லை என்றால், அதைத் தேடிக் கொடுக்க வேண்டும். டெம்பிள் 44 ஆண்டுகள் செய்தது அதைத்தான்.